தனி முயலுக்குத் துணை

மாணவர் அறைகளில் வளர்வதற்கு முயலைப் போல் வசதியான பிராணி வேறில்லை என்பார்கள். நாய் குரைக்கும், வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பூனை அடுத்த வீட்டுப் பாலைத் தேடிப் போகும். முயலோ வாய் திறவாமல் ஒரு மூலையில் கிடக்கும். வாய் திறவாத உயிருக்குக் குறையேதும் இராது என்று நாமும் எளிதில் நம்பிவிடுகிறோம்.

நாங்கள் மூவர் குடியிருக்கும் டில்லி அறையில் அப்படி ஒரு முயல் உண்டு. படிப்பு முடித்து ஊர் சென்ற அண்ணன் ஒருவர் விட்டுப் போனது. வெள்ளை நிறம், ஆண், வயது இரண்டு. அதற்குத் துணையாக இன்னொன்று வாங்கலாமா கூடாதா என்று இரண்டு மாதங்களாக எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முயலுக்குத் துணை கட்டாயம் வேண்டும். ஆனால் நம்மைப் போன்ற மாணவர்கள் இன்னொரு முயல் வாங்கக் கூடாது. இது முன்னுக்குப்பின் முரண் என்று அறைத்தோழர்கள் நகைக்கிறார்கள். முரண் இல்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு தொல்லை இருக்கிறது. இரண்டு வேறு விலங்குகளை 'முயல்' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். நம் ஊர்க் காட்டிலும் கொல்லையிலும் ஓடும் முயல், சங்கப் பாட்டில் வரும் குறுமுயல், தனித்து வாழும் இனம். அது வளை தோண்டுவதில்லை, புல்லடியில் படுக்கும். அதன் குட்டி உரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். (நிலவில் இருப்பதாகப் பாட்டி காட்டிய முயலும் தனிமுயல்தான்!) கடையில் விற்கும் முயலின் முன்னோர் ஐரோப்பாவின் ஸ்பெயின் பக்கத்தைச் சேர்ந்தவை. அவை நிலத்தடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. அவற்றின் குட்டிகள் குருடாக, உரோமமின்றிப் பிறப்பவை. முன்னதற்குக் குரோமோசோம் 48, பின்னதற்கு 44. இரண்டும் கலந்து இனம் பெருக்குவதில்லை. ஆகவே, "காட்டில் முயல் தனியாகத்தானே திரிகிறது?" என்று கேட்கும் நண்பர் நம்மூர் முயலைப் பற்றி உண்மை பேசுகிறார், கூண்டில் இருப்பதைப் பற்றி அன்று.

"நாம் மூவர் இருக்கிறோமே, துணை போதாதா?" என்பது அடுத்த வாதம். முயல் சுறுசுறுப்பாக இருப்பது விடியலிலும் அந்தியிலும். விடியலில் நாம் உறங்குகிறோம்; அந்தியில் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறோம். நாம் கொஞ்ச வரும் நேரம் அது கண்ணயரும் நேரம்! மேலும், இன்னொரு முயல் செய்வது போல் அதன் காதோரத்தை நக்கிக் கொடுக்க நம்மால் ஆகுமா? 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், கனமேற்றிய கதவைத் தள்ளித் திறக்கப் பெண் முயல்களைப் பழக்கினார்கள். மற்றொரு முயலைக் காண்பதற்காக, ஏறக்குறைய உணவுக்கு உழைத்த அளவுக்கே அவை உழைத்தன. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தில் இயற்றிய விதிகள், கினிப்பன்றி போன்ற கூட்டுயிர்களை இனத்துணை இன்றி வளர்க்கலாகாது என்கின்றன. முதலில் நான் சிரித்த செய்தி அது, இப்போது சிரிப்பதில்லை.

அப்படியானால் வாங்கிவிட வேண்டியதுதானே? திருநெல்வேலியிலிருந்து தொலைபேசியில் அம்மாவும் அதையே சொன்னாள்: "எய்யா, இன்னொண்ண வாங்கி விட்டா அது ரெண்டும் பாட்டுக்கு விளையாடிக்கிட்டு இருக்கும்லா." ஆட்டுக்குட்டிகளை வளர்த்த அனுபவம் அப்படிப் பேசுகிறது. முயலின் கதை வேறு. கூட்டமாக வாழும் உயிர்தான். ஆனால் தன் எல்லைக்குள் வரும் அந்நியரைக் கடித்துக் குதறும். ஆணோடு ஆணை விட்டால் இரத்தம் சிந்தும். ஆணோடு பெண்ணை விட்டால் சுமார் 31 நாளில் குட்டிகள். ஈன்ற அன்றே தாய் மறுபடியும் கருவுறக்கூடும். குட்டியாக இருக்கையில் ஆணா பெண்ணா என்று கடைக்காரர் சொல்வதையும் நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் 1859-இல் விட்ட இரண்டு டஜன் முயல்கள் என்ன ஆயின என்பதை விலங்கியல் மாணவனுக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை.

முறையாகச் செய்ய வேண்டுமானால் இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்ய வேண்டும். காயடித்த பிறகும் ஆண் முயல் சில வாரங்கள் கருவுறச் செய்யக்கூடும். அதுவரை பிரித்தே வைக்க வேண்டும். பெண்ணுக்கு அறுவை செய்யாவிட்டால் வயதாக ஆகக் கருப்பையில் புற்றுநோய் வரும் அபாயம் மிகுதி. நாயை அறுத்துப் பழகிய மருத்துவர் எல்லாரும் முயலுக்கு மயக்கமருந்து கொடுக்கத் துணிவதில்லை. அதன்பின் இரண்டு கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே விரித்த புல்லை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றன் மணம் மற்றொன்றுக்குப் பழகியபின், இருவருக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில் சிறிது நேரம் சேர்த்துவிட வேண்டும். வாரக்கணக்கில் ஒருவர் அருகிலேயே உட்கார வேண்டும். உட்காரப் போவது யார்? பருவத்தேர்வு எழுதும் மூவரில் ஒருவருமில்லை. டில்லிக் கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். 30ஐத் தாண்டினாலே முயல் தவிக்கும். ஒரு முயலைக் குளிர்ச்சியாக வைப்பதற்கே படாத பாடு படுகிறோம்.

இவற்றையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாத கணக்கு ஒன்று உண்டு. நல்ல முறையில் வளர்த்தால் முயல் எட்டுப் பத்து ஆண்டு வாழும். நம் படிப்போ இரண்டாண்டு. இன்று இரண்டாவது முயலை வாங்குகிறவன், அடுத்து அறைக்கு வரப்போகும் முகம் தெரியாத ஒருவன் தலையில் இரண்டு முயல்களை வைக்கிறான்.

எனவே நான் சொல்வது இதுதான்: துணையை முயலிடம் கொண்டுவர வேண்டாம், முயலைத் துணையிடம் கொண்டுபோவோம். ரோகிணியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில், கருத்தடை செய்த பெண் முயல் ஒன்று சென்ற மழைக்காலம் முதல் இணையிழந்து தனியாக இருக்கிறது. எங்கள் முயலுக்கு அறுவை முடித்து, காத்திருக்க வேண்டிய வாரங்களும் கழிந்தபின் அங்கே கூண்டோடு வைத்துப் பார்க்க அவர்கள் இசைந்திருக்கிறார்கள். ஒத்துப்போகாவிட்டால் திரும்பக் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அறைத்தோழரில் ஒருவருக்கு இதில் உடன்பாடில்லை. "இத்தனை நாள் சோறு போட்டு வளர்த்தது பிறருக்குக் கொடுக்கவா?" என்று இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. (முயலுக்குச் சோறு ஆகாது, காய்ந்த புல்தான் என்பதை இப்போது அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.) அவருடைய அன்பு பொய்யன்று. ஆனால் அது அவர் பிரிவைப் பற்றிய வருத்தம். நாம் பேசிக்கொண்டிருப்பது முயலின் தனிமையை.

அறுவைக்கான செலவில் என் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன். நம் மன்றத்து நண்பர்கள் வேறு சிலர் அறைகளிலும் தனி முயல் இருப்பதாகக் கேள்வி. அவர்கள் கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் என்னை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.