மூட்டையை எண்ணினர், மக்களை எண்ணியவர் யார்?

போரினால் ஊர் பெயர்ந்த மக்களுக்கு வேண்டுவது யாது என வினவினால், அரிசி, பருப்பு, கூரைத்தகடு என்று விடையிறுத்துப் பழகிவிட்டது உலகம். அவ்விடை போதாது என்கிறோம் யாம். அரிசி வேண்டும், கூரையும் வேண்டும். ஆயின் அவை அனைத்துக்கும் முன்னே வேண்டுவது ஒன்றுண்டு. இத்தனை பேர் இருக்கின்றனர், இன்ன இடத்தில் இருக்கின்றனர், இன்ன ஆபத்தில் இருக்கின்றனர் என நாள்தோறும் பார்த்து, எழுதி, ஒளிவு மறைவின்றி வெளியிடும் கண் வேண்டும். அக்கண்ணை மூடிவிட்டால் அரிசி மூட்டையும் ஓர் ஆயுதமாகிவிடும். வன்னி மண்ணில் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது இதுவே.

2008 செப்டெம்பரில் அரசாங்கம், உதவிப் பணியாளரின் பாதுகாப்புக்கு இனி உத்தரவாதமில்லை என்று கூறி, ஐக்கிய நாடுகள் சபையையும் ஏனைய நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறப் பணித்தது. கிளிநொச்சியில் அச்சபையின் அலுவலக வாயிலில் மக்கள் திரண்டு நின்று, போகாதீர் என்று மன்றாடினர். அவர்கள் அஞ்சியது பட்டினிக்கு மாத்திரமா? சாட்சியின்றிச் சாவதற்கு அன்றோ! மன்றாட்டம் பலிக்கவில்லை. செப்டெம்பர் 16-ஆம் நாள் வாகனங்கள் புறப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற மிகச் சிலரே எஞ்சி நின்றனர்.

கண் அகன்றதும் கணக்கு எவ்வாறு சுருங்கியது என்பதைக் காண்மின். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர் இருந்தனர் என்பது கச்சேரிக் கணக்கு. 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிக்குண்டோர் எழுபதினாயிரம் மட்டிலே என்றனர் கொழும்பில் அதிகார பீடத்தில் இருந்தோர். அதே பெப்ரவரியில், களத்திலே மக்களோடு மக்களாய் நின்ற உதவி அரசாங்க அதிபர் 330,000 பேர் உளர் என எழுதி அனுப்பினார். அதற்குக் கிடைத்த மறுமொழி யாது? உமது கணக்கு ஆதாரமற்றது, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவீர் என்ற எச்சரிக்கை! உண்மையை எண்ணியவன் குற்றவாளியானான். 

இறுதியில் என்ன ஆயிற்று? 2009 யூலை 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கின்படி, போர்ப்பகுதியிலிருந்து அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380 பேர். எழுபதினாயிரம் பேர் மாத்திரமே இருந்த இடத்திலிருந்து இரண்டேமுக்கால் இலட்சத்துக்கு மேற்பட்டோர் எவ்வாறு வெளிவந்தனர்? இதற்கு விடை கூற வல்லார் எவருமுண்டா? எழுபதினாயிரம் வாய்களுக்கென அளந்த அரிசியும் மருந்தும் எஞ்சிய வாய்களுக்கு எவ்வாறு போதும்? எண்ணைக் குறைத்தது உணவையும் மருந்தையும் குறைப்பதற்கே என 2011-இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழுவின் அறிக்கையும் சுட்டிற்று. பொய்யான எண் ஒன்று எத்துணை உயிர்களைக் குடிக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னே ஓர் எளிய கழித்தற் கணக்கை வைத்தார். 429,059-இல் 282,380 போக எஞ்சிய 146,679 பேர் எங்கே என்பதே அவர் வினா. அத்தனை பேரும் மாண்டனர் என்று அவர் கூறினாரல்லர். கணக்குக் காட்டுங்கள் என்றார். பெயருக்குப் பெயர், ஊருக்கு ஊர் விடை இறுக்கும் பதிவேட்டை எவரும் முன்வைத்திலர்.

பழியை ஒரு வாசலிலே மாத்திரம் இறக்கிவைப்பது நேர்மையாகாது. வெளியேற விழைந்த மக்களைத் தடுத்ததும், தப்பி ஓடினோர் மீது சுட்டதும், இளம் பிள்ளைகளைப் போருக்கு இழுத்ததும் விடுதலைப் புலிகள் புரிந்த கொடுமைகள். ஐக்கிய நாடுகள் சபையோ, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டனர், 18,479 பேர் காயமுற்றனர் எனத் தானே கணக்கிட்டு வைத்தும், அதனை வெளியிடாது பூட்டி வைத்தது. வெளியிடாத கணக்கு யாருக்குக் காவல்? சார்ள்ஸ் பெற்றி தலைமையிலான குழு 2012 நவம்பரில் அச்சபையின் தவறுதலை வெளிப்படையாகவே இடித்துரைத்தது. மாண்டவர் மீளவில்லை.

இனி முகாம்களைப் பார்ப்போம். செட்டிகுளத்து மெனிக் முகாமுக்கு அரசாங்கம் இட்ட பெயர் நலன்புரிக் கிராமம். கிராமத்துக்கு முள்வேலி எதற்கு? 2009 டிசம்பர் வரை அங்கிருந்தோர் தம் விருப்பப்படி வெளியே சென்று வர இயலவில்லை. அங்கே பங்கீட்டுக்குக் கணக்கிருந்தது. விசாரணைக்கெனப் பிரித்துக் கொண்டு செல்லப்பட்டவர் எங்கே சென்றார், யார் பொறுப்பில் சென்றார் என்பதற்குத் தாயின் கையில் ஒரு துண்டுக் கடிதாசியும் இல்லை. சூடான் நாட்டு அறிஞர் பிரான்சிஸ் டெங் முன்னின்று வகுத்து 1998-இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகள், இடம்பெயர்ந்தோரை முகாமில் அடைத்தலாகாது என்றும், காணாமற் போன உறவினரின் கதியை அறிய அவர்க்கு உரிமையுண்டு என்றும் தெளிவுறக் கூறுகின்றன. நெறி ஏட்டில் இருந்தது. அது காக்கப்படுகின்றதா எனப் பார்ப்பதற்குச் சுதந்திரமான கண் முகாமில் இருக்கவில்லை.

2012 செப்டெம்பரில் மெனிக் முகாம் மூடப்பட்டது. மூடியவுடன், இடம்பெயர்ந்தோர் பிரச்சினை தீர்ந்தது எனப் பறைசாற்றினர். இறுதியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சென்றது தம் வீட்டுக்கா? இல்லை. அவர்தம் காணியில் இராணுவம் இருந்தது; அவர்கள் சீனியாமோட்டையிலே இறக்கிவிடப்பட்டனர். முகாமுக்குள் இருந்தபோது இடம்பெயர்ந்தோர் எனப் பெயர். பேருந்திலே ஏற்றி இன்னொரு காட்டோரத்தில் இறக்கிய மறுகணம் மீளக்குடியேறியோர் எனப் பெயர்! பெயரை மாற்றினால் வயல் திரும்பிவிடுமா? 1990-இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியோர் செம்மண்ணும், தலைமுறைகள் கடந்த பின்னரும் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. அம்மக்களின் முதியோர் பலர், தம் கிணற்று நீரை மீண்டும் அள்ளாமலே கண் மூடினர்.

பழைய புண்ணை ஏன் கிளறுகின்றீர் என்பார் சிலர். புண் ஆறியது என்று யார் பார்த்துச் சொன்னார்? பாராப் பயிர் பாழ் என்பதை அறியாத கமக்காரன் எம் நாட்டில் உண்டோ? விதைத்த பின் வரம்பிலே நடவாதவன் விளைவைப் பற்றிப் பேசலாமா? முகாமை மூடியதோடு பார்வையையும் மூடியவர்கள், மக்கள் நலமாய் உளர் எனச் சான்று வழங்க என்ன உரித்துடையர்?

ஆதலின் யாம் வேண்டுவன மூன்று. ஊர் பெயர்ந்தோரைக் கண்காணிக்கும் பணி போரிடும் எத்தரப்பின் கையிலும் இருத்தலாகாது. அக்கணக்கு அவ்வப்போது பகிரங்கப்படுத்தப்படல் வேண்டும். முகாம் மூடுவதோடு அது முடிதலாகாது. ஒவ்வொரு குடும்பமும் தன் காணியில் அச்சமின்றி உழுது, காணாமற் போனவரின் கதியை அறியும் வரை தொடர்தல் வேண்டும்.

அரசும் உலகமும் செய்யட்டும் எனக் கைகட்டி நிற்பதும் தகாது. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, வைத்தியர்களே, நில அளவையாளர்களே, ஓய்வுபெற்ற கச்சேரி எழுதுவினைஞர்களே! பாடசாலை வரவேடும், மருத்துவக் குறிப்பும், காணி வரைபடமும் உங்கள் கையில் உள்ளன. கமக்காரப் பெருமக்களே! உறுதியும் அனுமதிப்பத்திரமும் எங்கே தொலைந்தன, எல்லைக்கல் எங்கே நின்றது என்பதை அறிந்தோர் நீங்கள். ஊர்தோறும் கூடி ஒரு பதிவேட்டைத் திறமின். யார் இருந்தார், யார் போனார், யார் திரும்பிலர், யார் காணி யார் கையில் என்று எழுதுமின். அப்பதிவேட்டிலே 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கினின்று விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் பெயர்களும் இடம்பெறல் வேண்டும். அவர்களை விடுத்து எழுதும் கணக்கும் பொய்க்கணக்கே.

எண்ணைக் குறைத்தே எம்மைக் குறைத்தனர். இனி எந்தப் பீடம் எந்த எண்ணைச் சொன்னாலும், எங்கள் ஏடு இதோ எனப் பெயருக்குப் பெயர் எடுத்துக்காட்டும் வலிமை எமக்கு வேண்டும். முதற்பெயரை எழுதுவது யார்?