கொள்ளிவாய்ப் பிசாசும் எரிவாயுத் தொட்டியும்

சதுப்பு நிலத்தில் இரவில் நெருப்புத் தோன்றினால் அதைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள் நம் ஜனங்கள். பிசாசு ஓட்டுகிறவனுக்கும் அதில் பிழைப்பு நடந்தது. 1776-இல் இத்தாலியில் வோல்டா என்பவரோ மஜியோரே ஏரிச் சேற்றைக் கோலால் கிளறி, எழும்பிய குமிழிகளைப் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். எரிந்தது. அதுதான் மீத்தேன்.

1897-லேயே பம்பாய் மாதுங்கா தொழுநோயாளர் விடுதியில் மலக்கழிவிலிருந்து இவ்வாயுவை எடுத்து விளக்கெரித்தார்கள். ஊர் ஒதுக்கிவைத்தவர்களின் கழிவு வெளிச்சம் தந்தது!

நிற்க, நமது குற்றாலத்துக்கு வருவோம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலம். தென்காசிவரை விடுதிகளில் மீந்த சோறும் எச்சில் இலையும் குவிகின்றன. இவற்றை எரிவாயுத் தொட்டியில் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் நேற்று ஒரு கூடை போட்ட தொட்டியில் இன்று பத்துக் கூடை கொட்டினால் என்ன ஆகும்? சோறு சாணத்தைப்போலல்ல, விரைவில் புளிக்கும். புளிக்கவைக்கும் கிருமிகள் வேகமானவை. அந்தப் புளிப்பை மீத்தேனாக்கும் கிருமிகள் மெதுவானவை. இவைகளுக்கு 35 டிகிரி வெப்பம் உகந்தது. சாரலில் தொட்டி குளிர்ந்தால் இன்னும் சோம்பும். புளிப்பு மிஞ்சினால் வாயு நின்றுவிடும். உடனே நம்மவர் திருஷ்டிப் பூசணிக்காய் தேடுவார்கள்!

இதற்குத்தான் இன்று கருவி வந்திருக்கிறது. தொட்டியின் வெப்பம், புளிப்பு, வாயுவின் அளவு, அதில் கரியமில வாயுவின் பங்கு ஆகியவற்றை அது ஓயாமல் அளக்கிறது. கரியமில வாயு ஏறுவது புளிப்பு முற்றுவதற்கு முன்னறிவிப்பு. அதைக் கண்டதும் கணிப்பொறி தீனியைக் குறைத்துவிடும். இரண்டு மாட்டுச் சாணத்தொட்டிக்கு இந்த ஆடம்பரம் வேண்டியதேயில்லை. சாணத்துக்குச் சரியளவு தண்ணீர் சேர்த்து, தினம் ஒரே அளவு போட்டால் போதும். விடுதிக் கழிவுத் தொட்டிக்கோ அவசியம் வேண்டும்.

ஏனெனில், தொட்டி கெட்டால் அதைக் கிளறிச் சுத்தம் செய்ய ஆளை இறக்குகிறார்கள். உள்ளே அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு நிற்கும். அது மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஆள் விழுந்துவிடுவான். சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் இறங்குகிறவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதை நாம் சொல்லவேண்டுமா? கருவிக்குப் பணம் அதிகமென்று முணுமுணுக்கும் விடுதி முதலாளிமார், தொட்டி புளித்த அன்று தாங்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கச் சம்மதிப்பார்களா?