சிங்கப்பூரில் சிறுபான்மையினருக்கு இடம் உண்டு. பிடி யார் கையில்?



சிங்கப்பூருக்குச் சபுர் போய்வந்த யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார். ஒன்று, அங்கே லஞ்சம் இல்லை. இரண்டு, அங்கே சிறுபான்மையினருக்குப் பாராளுமன்றத்தில் சட்டப்படியே இடம் உண்டு. சொல்லி முடித்ததும், "நம் ஊரில் உண்டா?" என்று ஒரு பெருமூச்சும் விடுவார்.

முதல் விஷயத்தில் பெருமளவு உண்மை இருக்கிறது. 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 12 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. பதவியில் இருந்தபோது விலையுயர்ந்த பொருட்களைப் பெற்றதும் அவர் மீதான குற்றங்களில் அடங்கும். இப்படி ஒரு செய்தியை நம் நாட்டில் எப்போது படிப்போமோ!

இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் நிதானமாக ஆராய வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் "நமக்கு எத்தனை சீட்?" என்று கேட்கும் சமுதாயம் நாம். கேட்டது கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் உயிருள்ள பாடம்.

குழுத்தொகுதி என்றால் என்ன?

1964 ஜூலையில் மீலாது ஊர்வலத்தின்போது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் மூண்ட கலவரமும், அடுத்து செப்டம்பரில் நடந்த கலவரமும் சேர்ந்து 36 உயிர்களைப் பலி கொண்டன. இனப்பகை மீண்டும் தலைதூக்கிவிடக் கூடாது என்ற அச்சம் அந்நாட்டை ஆள்வோரின் மனதில் இன்றுவரை இருக்கிறது. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது.

மக்கள்தொகையில் சுமார் 74 சதவீதம் சீனர்கள், 13.5 சதவீதம் மலாய்க்காரர்கள், 9 சதவீதம் இந்தியர்கள். வாக்காளர்கள் இனம் பார்த்து வாக்களித்தால் சிறுபான்மையினர் யாரும் ஜெயிக்க முடியாது என்று கூறி, 1988இல் குழுத்தொகுதி முறையை அரசு கொண்டுவந்தது. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்றில்லாமல் மூன்று பேர் ஓர் அணியாக நிற்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மலாய்க்காரராகவோ இந்தியராகவோ பிற சிறுபான்மையினராகவோ இருக்க வேண்டும். வாக்கு அணிக்குத்தான், ஜெயித்தால் எல்லோரும் உள்ளே, தோற்றால் எல்லோரும் வெளியே!

இதில் நன்மை இல்லையா? உண்டு. 1988க்குப் பிறகு சிறுபான்மையினர் இல்லாத பாராளுமன்றம் அமைந்ததே இல்லை. சீன வேட்பாளரும் மலாய் வேட்பாளரும் ஒரே மேடையில் நின்று வாக்குக் கேட்டாக வேண்டும். எந்தக் கட்சியும் ஒரே இனத்தை நம்பிக் குழுத்தொகுதியில் இறங்க முடியாது. இதை மறைப்பது நேர்மையாகாது.

மறுபக்கம்

ஆனால் மூவர் அணி நால்வர் ஆனது. பிறகு ஐவர், அறுவர் என்று வளர்ந்தது. 1997 தேர்தலில் மொத்தம் 83 இடங்களில் 74 குழுத்தொகுதிகளுக்குள் போய்விட்டன. சிறுபான்மையினர் ஒருவரைக் காப்பாற்ற ஆறு பேர் அணி எதற்கு?

வியாபாரிகளே, நீங்களே கணக்குப் போடுங்கள். 2025 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கான டெபாசிட் 13,500 சிங்கப்பூர் வெள்ளி. ஐவர் அணியை நிறுத்த 67,500 வெள்ளியை முதலில் எடுத்து வைக்க வேண்டும். சிறிய கட்சி எங்கே போகும்? 2001இல் 84 இடங்களில் 55 இடங்கள் போட்டியே இல்லாமல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுபான்மையினர் பெயரைச் சொல்லிக் கட்டிய மதில், ஆளும் கட்சிக்குக் கோட்டையாகவும் ஆனது!

காலியான இடம் என்ன ஆனது?

மார்சிலிங் - இயூ டீ என்ற நால்வர் குழுத்தொகுதியில் சிறுபான்மை உறுப்பினராக இருந்தவர் ஹலிமா யாகோப். 2017இல் அவர் அதிபர் தேர்தலில் நிற்பதற்காகப் பதவி விலகினார். மீதமிருந்த மூவரும் சீனர்கள். இடைத்தேர்தல் நடந்ததா? இல்லை! வழக்குப் போட்டார்கள், 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தது. 2020 பொதுத் தேர்தல் வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. சிறுபான்மையினருக்காகவே உண்டாக்கிய ஏற்பாட்டில், சிறுபான்மை உறுப்பினர் இல்லாமலே காலம் ஓடியது. அப்படியானால் அந்த இடம் யாருடையது? சமுதாயத்தினுடையதா, கட்சியினுடையதா?

அந்த அதிபர் தேர்தலும் மலாய் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டதுதான். விண்ணப்பித்த மற்ற இரண்டு தொழிலதிபர்களின் நிறுவனங்கள், சட்டம் கேட்ட 50 கோடி வெள்ளி பங்குதாரர் மூலதனத்தை எட்டவில்லை என்று நிராகரிக்கப்பட்டார்கள். ஒரு வாக்குகூடப் பதிவாகாமல் ஹலிமா அதிபரானார். அவருடைய தகுதியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்ற பெருமையை அந்த ஒதுக்கீடே அவரிடமிருந்து பறித்துவிட்டது.

2023இல் என்ன நடந்தது? அது எல்லா இனத்தவருக்கும் பொதுவான தேர்தல். தர்மன் சண்முகரத்னம் என்ற தமிழர், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து 70.4 சதவீத வாக்குகளைப் பெற்றார். குழுத்தொகுதி பிறப்பதற்கு முன்பே, 1981இல், ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் என்ற தமிழர் ஆளும் கட்சியைத் தனியே நின்று வீழ்த்தினார். சீன வாக்காளர்கள் சிறுபான்மையினருக்கு வாக்களிக்கவே மாட்டார்கள் என்ற வாதம் என்ன ஆயிற்று?

நாவுக்குப் பூட்டு

ஹிஜாப் விவகாரத்தைப் பாருங்கள். 2002இல் அரசுப் பள்ளிக்குத் தலையை மறைத்து வந்த சிறுமிகள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு மருத்துவமனைத் தாதியர் ஹிஜாப் அணிய அனுமதி கிடைத்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. இடைப்பட்ட 19 ஆண்டுகளும் முஸ்லிம் உறுப்பினர்கள் அவையில் இருந்தார்கள். முஸ்லிம் விவகாரங்களுக்கு அமைச்சரும் இருந்தார். மூடிய கதவுக்குள் பேசி வருகிறோம் என்றார்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஃபைசல் மனாப் 2017இல் பாராளுமன்றத்தில் இதை எழுப்பியபோது, அவரைக் கண்டித்துப் பேசியவர் ஒரு முஸ்லிம் அமைச்சர்தான்!

அவர்களைத் திட்டி என்ன பயன்? அணியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்வது கட்சி. கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் அந்நாட்டு அரசியல் சட்டப்படி உறுப்பினர் பதவியும் போய்விடும். பிடி அங்கே இருக்கும்போது பேச்சு மட்டும் எப்படி இங்கே வரும்?

ஃபைசல் மனாப் அவைக்கு வந்த வழியையும் கவனியுங்கள். 2011இல் பாட்டாளிக் கட்சியின் ஐவர் அணி அல்ஜுனீத் குழுத்தொகுதியைக் கைப்பற்றியது. எதிர்க்கட்சி ஒரு குழுத்தொகுதியை வென்றது அதுவே முதல் முறை. பழைய அரபு வணிகக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய அத்தொகுதியில், இரண்டு அமைச்சர்கள் இருந்த ஆளும் கட்சி அணி தோற்றது. ஆக, சட்டம் இடத்தைத்தான் கொடுத்தது. குரலைக் கொடுத்தவர்கள், எல்லா இனத்தையும் சேர்ந்த வாக்காளர்களே!

இளைஞர்களே! வணிகர்களே! நமக்கு இடமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கேட்போம், உரக்கவே கேட்போம். ஆனால் நாளை ஒரு கட்சி நம்மவர் ஒருவரின் கையைப் பிடித்து மேடையேற்றும்போது, கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவரைத் தேர்ந்தெடுத்தது யார்? இவரை நீக்கும் அதிகாரம் யாரிடம்? இவர் போய்விட்டால் அந்த இடத்தை நிரப்பப்போவது யார்? மூன்றுக்கும் பதில் "கட்சித் தலைமை" என்றால், நமக்குக் கிடைத்தது நாற்காலி மட்டுமே. அடுத்த தெருவில் வாழும் மாற்றுச் சமுதாயத்தவரும் "இவர் எங்களுக்கும் வேண்டியவர்" என்று வாக்களிக்கும் மனிதர்களை நாம் உருவாக்கும் நாளில்தான் அந்த நாற்காலி பேசும்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!