எந்த ஹீட்டர் வாங்குவது?

கொடைக்கானலில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயிலுள்ள வாசகி ஒருவர் கேட்கிறார்: "குளியலறைக்குத் தொட்டி வைத்த ஹீட்டர் வாங்குவதா, தொட்டியின்றி உடனுக்குடன் சுட வைப்பதை வாங்குவதா? மதுரைக் கடைக்காரர், இரண்டாவதுதான் மின்செலவைக் குறைக்கும் என்கிறார். வீட்டில் வயதான மாமியாரும் இரு குழந்தைகளும் இருக்கின்றனர்."

கடைக்காரர் கூறுவது பாதி உண்மை. ஒரு வாளி நீரைச் சூடாக்கத் தேவையான வெப்பம் எந்தக் கருவியிலும் ஒன்றே. தொட்டியில் வீணாவது, சூடேறிய நீர் பயன்படாமல் நின்று ஆறும்போது இழக்கும் வெப்பம் மட்டுமே. குளித்து முடித்ததும் சுவிட்சை அணைப்பவர்களுக்கு அந்த இழப்பு சொற்பம். (நம்மில் எத்தனை பேர் மறவாமல் அணைக்கிறோம் என்பது வேறு கதை!)

கவனிக்க வேண்டியது, குழாயில் வரும் நீர் எவ்வளவு குளிர்ந்தது என்பதே. மதுரையில் அது 25 டிகிரி என்று கொள்வோம். 18 லிட்டர் வாளி நீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர, 3000 வாட் உடனடி ஹீட்டருக்கு ஆறு நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். அவ்வூருக்கு அது போதும். மலையில் மார்கழிக் காலையில் நீர் 12 டிகிரியாக இருந்தால், அதே வாளிக்கு ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் ஆகும். அவசரப்பட்டுக் குழாயை அகலத் திறந்தால் வாளி நிரம்பும்; நீர்தான் சுடாது.

ஆகவே மலைவீட்டிற்கு 25 லிட்டர் தொட்டியே ஏற்றது என்பது என் கருத்து. 2000 வாட் ஹீட்டர் முக்கால் மணி நேரத்தில் அந்நீரை 60 டிகிரிக்கு ஏற்றிவிடும். தண்ணீர் கலந்தால் இரண்டரை வாளி கிடைக்கும். மாமியாரும் குழந்தைகளும் முதலில் குளிக்கட்டும்; மற்றவர்கள் அடுத்த கொதிப்புக்குக் காத்திருக்கலாம். தனி 16 ஆம்பியர் இணைப்பும், எர்த் கம்பியும், மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். தொட்டியின் பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கலாகாது.

தொட்டியில்லாத வகையில் சமையல் எரிவாயுவால் எரிவதும் உண்டு. அது விரைவில் வெந்நீர் தரும். ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. குளிருக்கு அஞ்சி நாம் கதவையும் சன்னலையும் இறுக மூடிக்கொள்வோம். காற்றுக் குறைந்த அறையில் எரியும் சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிப்பவருக்குத் தலை சுற்றும். கதவைத் திறக்கக் கை எழுமுன்பே நினைவு தப்பிவிடும். அவ்வாறு உயிரிழந்தவர் பலர். எரிவாயு ஹீட்டர்தான் வேண்டுமென்றால் வெளிச்சுவரில், திறந்த வெளியில் பொருத்தி, குழாயை மட்டும் உள்ளே கொண்டு வருக.

இன்னொன்று: 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே குழந்தையின் தோலைப் பொசுக்கிவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகே வெந்நீர்.