ஆழ்கடலின் மூச்சும் பொருநையின் வயதும்

பொருநைக் கரையின் தொன்மை பற்றிய கட்டுரைகளில் ஆண்டுக்கணக்கு மந்திரச் சொல்லைப் போல் ஆகிவிட்டது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் உமிக்கு கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வூரின் கரி மாதிரி ஒன்றுக்கு கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை கூறிற்று. ஒரு சாரார் இவ்வெண்களைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகின்றனர். மற்றொரு சாரார் கேட்ட மாத்திரத்தில் புறந்தள்ளுகின்றனர். அவ்வெண் எங்ஙனம் பிறக்கிறது என்று இரு சாராரும் வினவுவதில்லை என்பதே நமது வருத்தம்.

நெற்பயிர் உயிரோடு இருக்கும் வரை காற்றிலிருந்து கதிரியக்கக் கரிமத்தைப் பெறுகிறது. மடிந்தபின் அக்கரிமம் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்கிறது. எஞ்சியதை அளந்து வயதைக் கணிக்கிறோம். 1940-களின் இறுதியில் வில்லார்ட் லிப்பி இம்முறையை வகுத்தபோது, காற்றில் அதன் அளவு என்றும் ஒன்றுபோலவே இருந்தது எனக் கொண்டார். உண்மையில் அது மாறிக்கொண்டே வந்துள்ளது. புவிக்காந்தத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு காரணம்; கடல் மற்றொன்று.

கடைசிப் பனியுகத்தில் ஆழ்கடல் நீர், குறிப்பாகத் தென்துருவத்தைச் சூழ்ந்த கடலின் நீர், மேலெழுந்து காற்றைத் தொடுவது குறைந்திருந்தது. மூடிய குதிரில் கிடக்கும் பழைய நெல்லைப் போல் முதிர்ந்த கரிமம் ஆழத்தில் தேங்கிற்று. பனி உருகியபோது குதிர் திறந்தது. 17,500 முதல் 14,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் காற்றின் கதிரியக்கக் கரிம விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 190 பங்கு சரிந்தது; கரியமில வாயு பெருகிற்று. வாலஸ் புரோக்கர் இதனைப் 'புதிர் இடைக்காலம்' என்றே குறித்தார். சரிவு முழுவதையும் கடலின் மூச்சு விளக்குமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. இம்மாற்றங்களால், திருத்தாத கணக்கு 15,000 ஆண்டு எனக் காட்டும் கரியின் மெய்யான வயது 18,000-த்தைத் தாண்டும்.

மரவளையங்கள், ஏரிப்படிவுகள், பவளங்கள், குகைப்படிவுகள் ஆகியவற்றைக் கொண்டு இக்கணக்கைத் திருத்துகின்றனர். 2020-இல் வெளியான இன்ட்கால்20 திருத்தக்கோடு 55,000 ஆண்டுகள் வரை செல்கிறது. கி.மு. 3300 அளவிலான கரிக்குத் திருத்தம் அறுநூறு, எழுநூறு ஆண்டுகளைக் கூட்டும். இங்கே பெருங்காரணம் புவிக்காந்தம். கொற்கையின் சங்கை ஆய்ந்தால் நிலைமை தலைகீழ். கடல்நீரில் பழங்கரிமம் கலந்திருப்பதால் சங்கு சில நூறு ஆண்டுகள் மூத்ததாகத் தோன்றும். அதனைக் கழித்தாக வேண்டும். ஆக, திருத்தம் நம் பெருமையைக் கூட்டவோ குறைக்கவோ வந்த சூழ்ச்சியன்று. கரிக்கும் சங்குக்கும் அது தனித்தனி நீதி வழங்குகிறது.

மேலும், திருத்திய விடை ஒற்றை ஆண்டாக வருவதில்லை. ஒரு கால எல்லையாகவே வருகிறது. கரி தரும் வயது மரம் வளர்ந்த காலத்துக்குரியது. தாழி புதைந்த நாளுக்கு உரியதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆதலால் ஒன்றிரண்டு மாதிரிகளில் ஒரு நாகரிகத்தின் வயதை நிறுத்துவது தகாது. ஆதிச்சநல்லூரில் 2004-இல் அகழ்ந்தெடுத்தவற்றின் கரிம ஆண்டுகளான கி.மு. 905, கி.மு. 696 ஆகியவை, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடந்த பின்னர் 2019-இல்தான் வெளிவந்தன. பதினைந்து ஆண்டுகள்! ஆய்வு தாமதிக்கும் இடத்தில் கற்பனை முந்திக்கொள்கிறது. அதற்கு மக்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை.

தமிழ்த்துறையினராகிய நமக்கும் இதில் கடமை உண்டு. பாடவேறுபாடுகளைக் காட்டாமல் பதிப்பிக்கப்பட்ட நூலை நாம் ஏற்பதில்லை. அதே கண்டிப்பை ஆண்டுக்கணக்குக்கும் காட்டுவோம். மாதிரி உமியா, கரியா, சங்கா. திருத்திய கணக்கா, திருத்தாததா. எல்லை எது முதல் எது வரை: இம்மூன்றும் இல்லாத ஆண்டை வகுப்பிலும் மேடையிலும் சொல்லாதிருப்போம். பொருநையின் தொன்மை இத்தனை கேள்விகளையும் தாங்கும் என்றே நாம் நம்புகிறோம்.