ஜிம்முக்கு பட்ஜெட் இருக்கு, மனசுக்கு இருக்கா?

2020 மார்ச் 23. சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் விழுந்தது, 13 சதவீதம். அன்னிக்கு ராத்திரி என் மியூச்சுவல் ஃபண்டில் பாதியை விற்றேன். கையில் ஆறு மாசத்துக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தது. வேலையும் இருந்தது. "விழும்போது விக்காதீங்க"ன்னு நாலு பேருக்கு அட்வைஸ் பண்ணதும் நானேதான்! அதே வருஷம் நவம்பரில் மார்க்கெட் புது உச்சத்துக்குப் போனதை வெளியே நின்னு வேடிக்கை பார்த்தேன்.

அதுக்கப்புறம்தான் ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பார்த்தேன். ஒரு செஷனுக்கு 1,500 ரூபாய், மொத்தம் ஆறு செஷன். மூணாவது செஷனில், நான் சின்ன வயசில் இருந்தப்போ அப்பா போட்ட சீட்டுப் பணத்தோட கம்பெனி ஓடிப்போன கதை வந்தது. அம்மா அன்னிக்கு அழுதது இன்னும் கண்ணுல நிக்குது. சிவப்பு கலர்ல நம்பர் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குவது ஏன்னு அப்போதான் புரிஞ்சது. 9,000 ரூபாய் செலவு. அன்னிக்கு விற்றதில் நான் விட்டது அதைவிடப் பல மடங்கு.

நம்ம சென்னைப் பையன் குகேஷையே எடுத்துக்கோங்க. 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் முதல் ஆட்டமே தோல்வி. 11-வது ஆட்டம் ஜெயிச்சு முன்னிலை எடுத்தார், 12-ல் மறுபடியும் தோல்வி. 14-ல் ஜெயிச்சு 18 வயசில் சாம்பியன் ஆனார். அவர் டீமில் பேடி அப்டனும் இருந்தார். 2011-ல் உலகக் கோப்பை ஜெயிச்ச நம்ம கிரிக்கெட் அணிக்கு மனப் பயிற்சி கொடுத்தவர். உலகத் தரத்தில் ஆடுறவங்களுக்கே இதுக்குத் தனியா ஆள் தேவைப்படுது. நமக்கு மட்டும் "எல்லாம் மனசுதான், தைரியமா இரு"ன்னு சொன்னா போதுமா?

இந்தப் பயிற்சியில் நான் எடுத்துக்கிட்டது ஒண்ணுதான்: பதட்டத்தில் என்ன செய்யணும்னு நிதானமா இருக்கும்போதே எழுதி வைக்கிறது. "மார்க்கெட் 10% விழுந்தால் 48 மணி நேரம் ஆப்பைத் திறக்க மாட்டேன்"னு ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் ஒட்டியிருக்கேன். வீட்டில் சிரிக்கிறாங்க, பரவாயில்லை.

ஆனா ஒரு விஷயத்தில் நான் கறார். வீக்எண்ட் "மைண்ட்செட்" வொர்க்‌ஷாப்புக்கு 15,000 ரூபாய் கட்டாதீங்க. கோச்னு போர்டு வைக்க யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ பதிவு எண் இருக்கணும், கேட்டுப் பாருங்க. ரெண்டு வாரமா தூக்கம் வரல, எதிலும் பிடிப்பில்லை, செத்துடலாம்னு தோணுதுன்னா கோச் எல்லாம் வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க. கையில் காசு இல்லைன்னாலும் டெலி மானஸ் 14416 இருக்கு. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்.

மத்தவங்க மாசம் 1,000 ரூபாய் தனியா ஒதுக்குங்க, டேர்ம் இன்சூரன்ஸ் மாதிரி. அதுக்கு முன்னாடி ஹெச்ஆர்கிட்ட கம்பெனி கவுன்சலிங் இலவசமா தருதான்னு கேளுங்க. நிறைய ஐடி கம்பெனிகளில் இருக்கு, யாரும் தொடுறதே இல்லை. 2017 மனநலச் சட்டப்படி இன்சூரன்ஸ் கம்பெனிகள் மனநோயையும் உடல் நோய் மாதிரியே கவர் பண்ணணும். ஆனா பெரும்பாலும் அட்மிட் ஆனாத்தான் க்ளெய்ம் கிடைக்கும். கவுன்சலிங் ஃபீஸ் வேணும்னா ஓபிடி கவர் பார்க்கணும். அதோட பிரீமியம் நமக்குக் கட்டுப்படியாகுமான்னு அடுத்த வீடியோவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.