நாற்பது வீட்டுச் சாவி

எங்கள் தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். வருகைப் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டி, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குப் புறப்படுவார். அவ்வளவு ஜாக்கிரதை!

அப்பேர்ப்பட்டவர் சென்ற மாதம் ஒரு நாள் மாலை கண் கலங்கி எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருந்த சமயம், போன் வந்திருக்கிறது. பேசியவன் வெகு மரியாதையாகப் பேசினான். கல்வி அலுவலகத்தில் வேலையாம். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் பெயர் பதிய வேண்டுமாம். “உங்கள் போனுக்கு ஒரு 6 இலக்க எண் வரும். அதைச் சொல்லுங்கள், மேடம்” என்றான். வந்தது; சொன்னார். குழம்பை இறக்கி வைப்பதற்குள் அவருடைய வாட்ஸ்அப் அவர் கையை விட்டுப் போய்விட்டது!

அந்த எண்தான் அவருடைய வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்கும் சாவி. வகுப்புக் குழுவிலிருந்த 40 பெற்றோருக்கும் டீச்சர் பெயரில் செய்தி பறந்தது: “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அவசரமாக 5,000 ரூபாய் அனுப்புங்கள்.”

39 பேர் யோசித்தார்கள். பூக்கட்டி விற்கும் ஒரு தாய் மட்டும் யோசிக்கவில்லை. “டீச்சர் கேட்டுக் கொடுக்காமல் இருப்பேனா?” என்று, கையிருப்பு முழுவதையும் அனுப்பிவிட்டார்.

ஆசிரியைச் சகோதரிகளே! இன்று உங்கள் போனை ஒரு தரம் திறந்து பாருங்கள். மாணவர்களின் பிறந்த தேதி, அப்பாவின் நம்பர், வீட்டு விலாசம், ஆதார் அட்டையின் படம், ஆண்டு விழாப் புகைப்படம் எல்லாம் அதில் இருக்கின்றன அல்லவா? பீரோவுக்குப் பூட்டு உண்டு. இதற்கு?

பூட்டுப் போடுவது கஷ்டமல்ல. வாட்ஸ்அப்பின் ‘அமைப்புகள்’ பகுதியில் ‘கணக்கு’ என்பதைத் திறந்தால் ‘இரு-படி சரிபார்ப்பு’ இருக்கும். அங்கே நீங்களே ஒரு 6 இலக்க ரகசிய எண்ணை வைத்துவிடுங்கள். பிறகு எவனாவது முதல் சாவியைப் பறித்தாலும் இரண்டாவது பூட்டுத் திறக்காது. போனுக்கு வரும் எண்ணை, யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கேட்கிறவன் எத்தனை மரியாதையாகக் கேட்கிறானோ, அத்தனை சந்தேகப்படுங்கள்!

மாணவர்களின் ஆதார் படத்தைப் பொதுக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரும் கிடைக்கிறது. அதுவே போதுமென்றால் அதையே வாங்குங்கள். பள்ளிக்கூடத்துப் பொதுக் கம்ப்யூட்டரில் ஈமெயில் பார்த்தால், மூடி வெளியேறிய பின்பே எழுந்திருங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் எல்லோரையும் குழந்தைகள் என்றே சொல்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் பொது விதி. சட்டம் இருக்கட்டும், நம் குழந்தையின் படம் ஊரெல்லாம் சுற்றினால் நாம் சும்மா இருப்போமா?

சாவி பறிபோய்விட்டால்? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உங்கள் நம்பரை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிந்து, புதிதாக வரும் எண்ணைக் கொடுங்கள். திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் ரகசிய எண் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகலாம். எப்படியானாலும் பெற்றோருக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள். பணம் அனுப்பியவர் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். தாமதமானால் பணத்தைத் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை: டீச்சர் பணம் கேட்டதாகச் செய்தி வந்தால், அனுப்புமுன் அவருக்கே போன் செய்து அவர் குரலைக் கேளுங்கள்.

நம் டீச்சர் அந்த 5,000 ரூபாயைத் தம் சம்பளத்திலிருந்து கொடுத்துவிட்டார். பூக்கார அம்மாள் ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளி அவர் கையில் வைத்து, “இனிமேல் நீங்களே நேரில் வந்து கேட்டாலும் நான் யோசிப்பேன், டீச்சர்!” என்று சிரித்தாராம்.

டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.